ஓஎஸ் மாற்றியதும் கணக்கு மாறியது: எந்த இடத்தில் தேடுவது?

2024 ஜூலை 6 – ஒரு வாசகரின் கேள்வி

நகைக்கடன் வட்டி போட நாங்களே எழுதிய சி++ நிரல். விண்டோஸ் 10-இன் 1909 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது விண்டோஸ் 11. நிரலைத் தொடவில்லை, திரும்ப கம்பைல்கூட (மூல நிரலை இஎக்ஸ்இ ஆக்குவது) செய்யவில்லை, அதே இஎக்ஸ்இ கோப்புதான். மாத வட்டிப் பட்டியலில் சில வரிகளில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது. எல்லா வரியிலும் இல்லை, அதுதான் குழப்பம். புதிய ஓஎஸ் கணக்கைத் தப்பாகப் போடுகிறதா? பழையதற்கே திரும்பிவிடலாமா?

ஜூலை 6, மாலை

திரும்பாதீர்கள். திரும்பினால் காரணம் தெரியாமலே போய்விடும், அடுத்த வருடம் வேறு ஒரு உருவத்தில் வந்து நிற்கும்.

மொத்தத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலின் அடியில் 41 ரூபாய் வித்தியாசம் என்று பார்த்தால் பயம்தான் வரும், தகவல் வராது. வித்தியாசம் வருகிற வரிகளில் அசல், வட்டி விகிதம், பழைய விடை, புதிய விடை நான்கையும் எடுத்து அனுப்புங்கள். கூடவே வித்தியாசம் வராத வரிகளும் சில வேண்டும். தப்பாத வரிகள்தான் நிறைய பேசும்.

ஜூலை 7

வாசகர் அனுப்பியதைப் பார்த்த உடனே விஷயம் விளங்கிவிட்டது. மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

1,900 ரூபாய்க்கு 28.50. பழையதில் 29, புதியதில் 28.
2,100 ரூபாய்க்கு 31.50. இரண்டிலும் 32.
2,300 ரூபாய்க்கு 34.50. பழையதில் 35, புதியதில் 34.
2,500 ரூபாய்க்கு 37.50. இரண்டிலும் 38.
2,700 ரூபாய்க்கு 40.50. பழையதில் 41, புதியதில் 40.

சரியாக ஐம்பது பைசாவில் முடிகிற தொகைகள் மட்டும்தான் தகராறு செய்கின்றன. அவற்றிலும் ஒன்று விட்டு ஒன்று. முழு ரூபாய்ப் பகுதி இரட்டைப்படையாக இருந்தால் (28, 34, 40) கீழே இறங்குகிறது, ஒற்றைப்படையாக இருந்தால் (31, 37) மேலே ஏறுகிறது. அதாவது நடுவில் நிற்கிற எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுகிறார்கள். வங்கியாளர் ரவுண்டிங் என்று இதற்குப் பெயர்.

நிரல் ரவுண்ட் செய்கிற இடம் எங்கே என்று கேட்டேன். தனியாக எங்கும் இல்லையாம், சி-யின் அச்சடிக்கிற ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்பில் தசம இடம் பூஜ்யம் என்று போட்டு அச்சடிக்கிறார்களாம். அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து சி ரன்டைம் லைப்ரரி (பிரிண்ட்எஃப் போன்ற ஃபங்ஷன்கள் இருக்கிற நூலகம்) விண்டோஸின் ஒரு பகுதியாகவே வருகிறது, வழக்கமாக நிரலோடு வருவதில்லை. 2020-இல் வந்த 2004 பதிப்பில் (பில்ட் 19041) மைக்ரோசாஃப்ட் பிரிண்ட்எஃப்பின் ரவுண்டிங்கை, கணினியில் தசம எண் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரத்துக்கு ஏற்ப மாற்றியது. அதுவரை டபுளில் (தசம எண்களை வைக்கிற 64 பிட் வகை) துல்லியமாக நிற்கிற எண் 5-இல் முடிந்தால் எப்போதும் மேலே ஏற்றினார்கள். 1909 பதிப்பு அதற்கு முந்தியது. நீங்கள் நேராக விண்டோஸ் 11-க்குத் தாவியதால் இந்த மாற்றம் இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது.

ஆக ஓஎஸ் பெருக்கலைத் தப்பாகப் போடவில்லை. 34.5 இரண்டு இடத்திலும் 34.5-தான். அதை அச்சில் காட்டுகிற விதம் மாறியிருக்கிறது.

ஜூலை 7, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற இன்னொருவர் தடுமாறுவார். இந்த மாற்றம் எல்லா இஎக்ஸ்இ-க்கும் வராது. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் தொகுப்பான விஷுவல் ஸ்டுடியோ 2019-இன் 16.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் கட்டியவற்றுக்கு மட்டுமே. அதைவிடப் பழைய கம்பைலரில் கட்டிய நிரல் விண்டோஸ் 11-இலும் பழையபடியே மேலே ஏற்றும். அதனால் ஒரே மேசையில், ஒரே கணினியில், ஒரே மூல நிரலிலிருந்து வந்த இரண்டு கோப்புகள் வேறு வேறு விடை தரலாம். 16.2-க்குப் பின் கட்டிய ஒரே கோப்பு பழைய விண்டோஸில் ஒன்றும் புதிய விண்டோஸில் ஒன்றும் தரலாம். இந்த நான்கு கட்டத்தையும் (பழைய, புதிய கம்பைலர்; பழைய, புதிய விண்டோஸ்) தாளில் போட்டுப் பார்த்தால்தான் "என் கணினியில் சரியாக வருகிறதே" என்கிற சண்டை ஓயும்.

ஜூலை 9

"சரி, இப்போது என்ன செய்வது" என்று கேட்டிருந்தார்.

தற்காலிக வழி இருக்கிறது: பழைய ரவுண்டிங்கைத் திரும்பக் கொண்டுவர ஒரு ஆப்ஜெக்ட் கோப்பை மைக்ரோசாஃப்டே தருகிறது, அதை லிங்க் செய்தால் (நிரலோடு சேர்த்துக் கட்டினால்) முன்பு போல ஓடும். இந்த மாதப் பட்டியலை முடிக்க அது உதவும். அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அச்சடிக்கிற ஃபங்ஷனிடம் பணத்தை ரவுண்ட் செய்யும் பொறுப்பைக் கொடுத்ததே இங்கே சிக்கல். 50 பைசாவை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பது உங்கள் கடையின் முடிவு, சில இடங்களில் சட்டத்தின் முடிவு. ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் பிரிவு 170 தெளிவாகச் சொல்கிறது: வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும், அதற்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். 650 ரூபாய்க்கு 5 சதவீதம் 32.50. சட்டப்படி 33. புதிய பிரிண்ட்எஃப் 32 காட்டும். கணிதத் தரத்தின்படி அது குறையே இல்லாத விடை, வரிக் கணக்கில் தவறான விடை. எந்த ஓஎஸ்ஸும் இதை நமக்காக முடிவு செய்யக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

என் வழி இது. பணத்தை டபுளில் வைப்பதே இல்லை. 64 பிட் முழு எண்ணில் பைசாவாக வைக்கிறேன். 2,300 ரூபாய் என்றால் 2,30,000 பைசா. ஒன்றரை சதவீதத்தை பத்தாயிரத்துக்கு 150 என்று வைக்கிறேன். பெருக்கினால் 3,45,00,000. பத்தாயிரத்தால் வகுத்தால் 3,450 பைசா. ரூபாய்க்கு ரவுண்ட் செய்ய 50 கூட்டி நூறால் வகுத்து மீதியை விட்டால் 35. இதில் கம்பைலர், லைப்ரரி, சிபியு யாருக்கும் கருத்துச் சொல்ல இடமில்லை.

டபுளை விட முடியாத பழைய நிரல் என்றால், குறைந்தபட்சம் ரவுண்ட் செய்வதற்கென்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். சி-யின் ரவுண்ட் ஃபங்ஷன் பாதியை பூஜ்யத்திலிருந்து விலக்கித் தள்ளும், 2.5 மூன்றாகும். பைத்தான் 3-இன் ரவுண்ட் 2.5-ஐ இரண்டாக்கும். எக்செல் தாளில் போடுகிற ரவுண்ட் ஒரு விதம், அதே எக்செல்லின் மேக்ரோ மொழியான விபிஏவுக்குள் எழுதுகிற ரவுண்ட் வங்கியாளர் விதம். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பவே கூடாது.

ஜூலை 10

"ஒரு ரூபாய்தானே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1982 ஜனவரியில் வான்கூவர் பங்குச் சந்தை ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மறுகணக்குப் போட்டு, மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை ரவுண்ட் செய்யாமல் வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524 என்று காட்டியது. திருத்திப் போட்டபோது 1098. மூன்றாவது தசமத்துக்குக் கீழே போனதுதான் அத்தனையும். ஒரே பக்கம் சாய்கிற பிழை கூடிக்கொண்டே போகும். தரம் எழுதியவர்கள் பாதியை ஒரு தடவை மேலும் ஒரு தடவை கீழும் தள்ளச் சொன்னதற்கு இதுவே காரணம். அந்த விதியில் நியாயம் இருக்கிறது, அளவைகளுக்கும் புள்ளியியலுக்கும் அதுதான் ஏற்றது. வரி ரசீதுக்கு ஒத்துவராது, அவ்வளவே.

ஜூலை 14

இன்னொருவர் எழுதியிருக்கிறார், இது லினக்ஸ். ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்கு ஆதரவு முடிந்ததால் ரெட்ஹேட் 8 வகைக்கு மாறியிருக்கிறார்கள். தவணைத் தொகை போடும் நிரலில் கூட்டுவட்டிக்கு, அடுக்கு கணக்கிடுகிற பவ் ஃபங்ஷன். ரூபாய் பைசா வரை எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் தானியங்கிச் சோதனைகள் சிவப்பாகின்றன, ஏனென்றால் அவை இரண்டு டபுளை இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுகின்றன.

சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.17. எட்டில் 2.28. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. பழைய ஜிலிப்சியில் எக்ஸ்ப், பவ் போன்ற கணித ஃபங்ஷன்கள் ஐபிஎம் எழுதிய துல்லியக் கணித நூலகத்திலிருந்து வந்தவை. கடைசி பிட் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் பல மடங்கு இலக்கங்களில் திரும்பக் கணக்குப் போடும், சில உள்ளீடுகளுக்கு அது பயங்கர மெதுவாக இருக்கும். 2018 ஆகஸ்டில் 2.28 வருவதற்குள் அந்த மெதுவான பாதையை எடுத்துவிட்டார்கள். வேகம் நன்றாகக் கூடியது. பதிலுக்கு, சில உள்ளீடுகளுக்குக் கடைசி பிட் முன்பு போல வராது.

இது தரத்தை மீறுவது ஆகாதா என்றால், ஆகாது. ஐஇஇஇ 754 தரம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் போன்ற அடிப்படைச் செயல்களுக்குத்தான் கடைசி பிட் வரை ஒரே விடை வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. பவ், சைன், லாக் எல்லாம் பரிந்துரை அளவில் நிற்கின்றன. உங்கள் நிரலில் நான்கு அடிப்படைச் செயல்கள் மட்டும் இருந்து, கம்பைலரும் அதற்குத் தருகிற கொடிகளும் (தேர்வுகள்) சிபியு வகையும் அதே என்றால், 64 பிட் கணினிகளுக்கிடையே விடை மாறக்கூடாது. மாறினால் நிச்சயம் தோண்டிப் பார்க்க வேண்டும். பவ் இருக்கிறதென்றால் கடைசி பிட் மாறியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"பழைய பைனரியையே (கம்பைல் செய்து வைத்த கோப்பு) கொண்டுபோய் வைத்தால்?" என்றும் கேட்கிறார். பயனில்லை. டைனமிக் லிங்க் செய்த (ஓடும்போது ஓஎஸ்ஸின் லைப்ரரியைக் கூப்பிடுகிற) பழைய பைனரி பவ்-ஐக் கூப்பிட்டால் புதிய லைப்ரரிதான் பதில் சொல்லும், உள்ளே ஓடுவது புதிய கணக்கு.

ஜூலை 15

தேடும் முறையைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், தனியாகவும் சிலர் கேட்டார்கள்.

பழைய கணினியில் ஒரு ஓட்டம், புதியதில் ஒரு ஓட்டம், அதே உள்ளீடு. நடுவில் உள்ள மதிப்புகளைக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். எழுதும்போது சாதாரண தசமத்தில் எழுதாதீர்கள். பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறிக்குப் பின் 'ஏ' எழுத்தைப் போட்டால் டபுளைப் பதினாறடிமானத்தில், ஒரு பிட் விடாமல் எழுதும். பைத்தானில் ஃப்ளோட்டுக்கு (தசம எண் வகை) ஹெக்ஸ் மெத்தட் இருக்கிறது.

0.3 என்று நேராக எழுதிய டபுள்: 1.3333333333333
0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி வந்தது: 1.3333333333334

(இரண்டுக்கும் பின்னால் நான்கால் வகுப்பதைக் குறிக்கிற அடுக்கு இருக்கும், அது ஒன்றுதான்.) ஆறு தசம இடத்தில் அச்சடித்தால் இரண்டும் 0.300000 என்று ஒன்றுபோலத் தெரியும். இங்கே கடைசி இலக்கம் பளிச்சென்று வேறாக இருக்கிறது. இந்த இரண்டு கோப்பையும் டிஃப் (வேறுபாடு காட்டும் கட்டளை) போட்டு, மேலிருந்து வருகிற முதல் வித்தியாசத்தை மட்டும் பிடியுங்கள். அடியில் வருகிற ஆயிரம் வித்தியாசங்களும் அந்த ஒன்றின் பிள்ளைகள். அந்த வரிக்கு முந்தைய வரியின் மதிப்புகள் பிட் பிட்டாக ஒத்துப்போனால், நடுவில் உள்ள ஒரே ஒரு செயலில்தான் குற்றவாளி இருக்கிறான். பெரும்பாலும் அது ஒரு லைப்ரரி ஃபங்ஷனாகவோ, உள்ளீட்டைப் படிக்கிற இடமாகவோ, வரிசை மாறிய கூட்டலாகவோ இருக்கும்.

எது சரியான விடை என்ற கேள்வியை அதுவரை தள்ளிவையுங்கள். அதில் இறங்கினால் நாள் முழுக்க விவாதம் ஓடும், பக் (நிரலின் பிழை) அங்கேயே இருக்கும்.

ஜூலை 18

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இப்போதுதான் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள், தொழிற்சாலைகளில் பார்க்கிறேன். அவர்களுக்கு. நம் 2,300 ரூபாயே இங்கேயும் உதவுகிறது.

விகிதத்தை 0.015 என்று டபுளில் வைத்து, அசலால் பெருக்கி, 0.5 கூட்டி, இன்டிஜராக (முழு எண்ணாக) வெட்டுகிற நிரல். 0.015 டபுளில் துல்லியமாக நிற்காது, 0.0149999999999999994 போல இருக்கும். 2,300-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கற்பலன் 34.4999999999999987. 32 பிட் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் வழக்கமாக சிபியுவின் பழைய கணக்கு அலகான எக்ஸ்87-ஐப் பயன்படுத்தும், அதன் ரெஜிஸ்டர்கள் (சிபியுவுக்குள் எண் நிற்கும் இடங்கள்) 80 பிட். அந்த எண் அங்கே அப்படியே நிற்கும், 0.5 கூட்டி வெட்டினால் 34. 64 பிட்டில் எஸ்எஸ்இ2 என்ற புதிய அலகு, ஒவ்வொரு செயலும் முடிந்ததும் டபுளுக்கு ரவுண்ட் ஆகும். அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்த டபுள்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 0.000000000000007, ஆகவே மிக அருகில் உள்ளது 34.5. கூட்டி வெட்டினால் 35.

இதில் ஆளைப் பைத்தியமாக்குகிற விஷயம், பழைய கணினியில் டீபக் செய்ய நடுவே ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் விடை 35 ஆகிவிடக்கூடும். மதிப்பு ரெஜிஸ்டரை விட்டு மெமரிக்குப் போகும்போது 64 பிட்டாகச் சுருங்குவதுதான் காரணம். ஆப்டிமைசேஷன் கொடியை மாற்றினாலும் அப்படியே. ஜிசிசியின் பக் பட்டியலில் 323-ஆம் எண்ணில் இந்த எக்ஸ்87 விவகாரம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட புகார்களை அதோடு இணைத்திருக்கிறார்கள். பார்க்கும்போது மறைகிற பிழை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

ஜூலை 19

பிஎச்பி மொழியில் இணையதளம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. உபுண்டு லினக்ஸ் 16.04-இல் பிஎச்பி 7.0, 18.04-இல் 7.2. நடுவில் 7.1-இல் ஜேசன் (தரவு பரிமாறும் எழுத்து வடிவம்) எழுதும்போது ஃப்ளோட்டை எத்தனை இலக்கத்தில் எழுதுவது என்பதைத் தீர்மானிக்கிற அமைப்பு மாறியது. பிஎச்பியின் அமைப்புகள் இருக்கிற பழைய ஐஎன்ஐ கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தவர்களிடம் அந்த அமைப்பு 17 என்றே இருக்கும், 19.99 என்ற விலை 19.989999999999998 என்று வெளியே போகும். மதிப்பைக் −1 என்று மாற்றினால் போதும். நிரலில் கைவைக்க வேண்டாம்.

ஜூலை 23

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) நடந்தது. சர்வரைப் புதுப்பித்த பிறகு தினசரி வசூல் கூட்டுத்தொகை கடைசி இலக்கத்தில் ஆடியது. கணக்கு நிரலில் பவ் இல்லை, லாக் இல்லை, வெறும் கூட்டல். கம்பைலரும் அதே. முதல் வித்தியாசத்தைத் தேடினோம், மதிப்புகள் எல்லாம் சரி, வரிசை வேறு. அதே ரசீதுகள் வேறு வரிசையில் வந்துகொண்டிருந்தன.

டபுளில் கூட்டும்போது வரிசை மாறினால் விடை மாறலாம். பெரிய எண்ணோடு சிறியதைச் சேர்க்கும்போது சிறியதன் வால் வெட்டுப்படும், எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்பது வரிசையைப் பொறுத்தது. சரி, வரிசை ஏன் மாறியது? மறுபடியும் ஜிலிப்சி 2.28. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளையும் அதே பதிப்பில் புதுப்பித்தார்கள். "1-1", "11" என்ற இரண்டு வரியை அமெரிக்க ஆங்கில லோகேலில் (மொழி, நாட்டு அமைப்பு) வரிசைப்படுத்துகிற சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும். 2.28-இலிருந்து 1-1 முதலில் வரும். எங்கள் ரசீது எண்களின் நடுவே கோடு இருந்தது.

கூட்டுத்தொகை ஆடியது அங்கே சின்ன விஷயம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்: எழுத்துப் புலங்களின் மேல் கட்டிய இண்டெக்ஸ்கள் (தேடல் அட்டவணைகள்) பழைய வரிசையில் டிஸ்க்கில் கிடக்கின்றன, புதிய லைப்ரரி வேறு வரிசையை எதிர்பார்க்கிறது. இருக்கிற ரசீதைத் தேடினால் இல்லை என்று சொல்லும். ஒரே எண் இரண்டு தடவை நுழையவும் வழி உண்டு. ஓஎஸ் மாறியதும் ரீஇண்டெக்ஸ் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜூலை 24

கமா. இதை எப்படி மறந்தோம் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. புதிய ஓஎஸ் நிறுவும்போது பிராந்திய அமைப்பு இந்தியா என்று வந்துவிட்டால், ஏற்றுமதி செய்கிற கோப்பில் 100000 என்பது 1,00,000 ஆகலாம். அதைப் படிக்கிற சி நிரல் முதல் கமாவில் நின்றுவிடும். ஒரு லட்சம் ஒரு ரூபாயாகும், பிழைச் செய்தியும் வராது. ஜெர்மனி, பிரான்ஸ் அமைப்பில் தசமப் புள்ளிக்கே கமா. கணினிகள் தங்களுக்குள் பரிமாறுகிற கோப்புக்கு எப்போதும் எந்த ஊரையும் சாராத சி லோகேல், மனிதர் பார்க்கிற திரைக்கு மட்டும் அவரவர் ஊர் அமைப்பு.

ஜூலை 28

பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்தது. புதிய ஓஎஸ் போட்டதும் பைத்தான் 3 மட்டும் இருக்கும், பழைய ஸ்கிரிப்டை பிரிண்ட் வரிகளுக்கு அடைப்புக்குறிகள் மட்டும் சேர்த்து ஓடவைத்துவிடுவார்கள். 5-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 2, இப்போது 2.5. ரவுண்ட் பற்றி மேலேயே சொன்னேன்.

தமிழில் படிவம் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று. பைத்தான் 3-இல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் வடிவத்தைச் சோதிக்கிற குறியீடு) இலக்கத்துக்குப் போடுகிற குறி, யூனிகோடில் உள்ள எல்லா இலக்கத்தையும் ஏற்கும். ௧௨ என்று ஒருவர் தட்டினால் சோதனை அதை எண் என்று விடும், முழு எண்ணாக்குகிற இன்ட் ஃபங்ஷனும் அழகாக 12 என்று மாற்றித் தரும். பயனருக்கு நல்லதுதான், எனக்கும் இது பிடிக்கும். ஆனால் அந்த எழுத்தை மாற்றாமலே சி-யில் எழுதிய இன்னொரு பகுதிக்கு அனுப்பினால் அது பூஜ்யம் என்று படிக்கும். உள்ளே வந்த உடனே இன்ட் ஆக்கிவிடுங்கள், எழுத்தாக உலவவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 3

ஓஎஸ்ஸோடு சிபியுவும் மாறியிருந்தால் (இன்டெலிலிருந்து ஆர்ம், அல்லது ஆப்பிளின் எம்1 வகை) பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்து கடைசியில் ஒரு தடவை மட்டும் ரவுண்ட் செய்கிற எஃப்எம்ஏ உள்ளே வரும். 64 பிட் ஆர்ம்மில் அது எப்போதும் உண்டு, ஜிசிசி கேட்காமலே பயன்படுத்தும். துல்லியம் கூடுகிறது, ஆனால் பழைய விடை வராது. எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும்போது எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கத்தைக் கழித்தால் பூஜ்யம்தானே? எஃப்எம்ஏவில் ஒரு வர்க்கம் ரவுண்ட் ஆகியும் மற்றது ஆகாமலும் கழிபடும், சிறு மீதி நிற்கும். அது எதிர்மறையாக இருந்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 'எண் அல்ல' என்று வரும். கம்பைலரில் இந்த இணைப்பை அணைக்கக் கொடி இருக்கிறது. அணைத்ததும் விடை பழையபடி ஆனால் காரணம் உறுதி.

அதே ஆர்ம் லினக்ஸில் சாதாரண கேர் வகை (ஓர் எழுத்தை வைப்பது) குறியில்லாதது, எதிர்மறை எண்ணை வைக்காது. −1 வைத்து 'கோப்பு முடிந்தது' என்று சோதிக்கிற பழைய நிரல் 255-ஐப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆகஸ்ட் 4

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் பொது அடையாளம், ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே தப்பு வரும். ஒரு ஓட்டத்தில் 34, அடுத்ததில் 71 லட்சம், அடுத்ததில் சரியான விடை என்று வந்தால் ரவுண்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மதிப்பு கொடுக்காத மாறி, அல்லது எல்லை தாண்டிப் படிக்கிற அரே (மதிப்புகளின் வரிசை). பழைய ஓஎஸ்ஸில் அந்த மெமரியில் தற்செயலாகப் பூஜ்யம் இருந்திருக்கும். மெமரிப் பிழை தேடுகிற வால்கிரைண்ட் கருவியைப் போடுங்கள், அல்லது அதே வேலை செய்கிற கம்பைலரின் சானிடைசர்களை இயக்குங்கள், பெரும்பாலும் அன்றைக்கே அகப்படும். பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடுகிற பகுதிகள்) கூட்டுகிற நிரலில் மட்டும் கடைசி இலக்கம் ஓட்டத்துக்கு ஓட்டம் ஆடுவது இயல்பு, முடிகிற வரிசை மாறுவதால்.

ஆகஸ்ட் 11

சென்ட்ஓஎஸ் நண்பருக்கு. பழைய கணினியைக் கொடுத்துவிட்டதாகவும் ஒப்பிட எதுவும் இல்லை என்றும் சொன்னார். புதிய கணினியிலேயே டாக்கரில் (வேறொரு லினக்ஸின் கோப்புகளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) சென்ட்ஓஎஸ் 7 இமேஜை இறக்கி அதற்குள் நிரலை ஓட்டுங்கள். கெர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சிபியுவும் புதியவை, ஜிலிப்சி மட்டும் 2.17. அங்கே பழைய விடை வந்தால் காரணம் லைப்ரரிதான், கெர்னலைக் கைகாட்ட வேண்டாம். வராவிட்டால் சிபியு பக்கம் பாருங்கள். கணித ஃபங்ஷன்களுக்கு எஃப்எம்ஏ உள்ள சிபியுவுக்குத் தனி வடிவத்தை ஜிலிப்சி தானே தேர்ந்தெடுக்கும்.

அவர் ஓட்டிப் பார்த்தார், பழைய விடை வந்தது. சோதனைகளில் சமக்குறியை எடுத்துவிட்டு, இறுதித் தொகையைப் பைசா முழு எண்ணாக்கி ஒப்பிடும்படி மாற்றச் சொன்னேன். 'கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை' என்று பொத்தாம்பொதுவாக ஒரு எல்லை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பணத்தில் பைசா வரை ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே எதுவும் பொருட்டில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எல்லை எதற்கு?

2025 பிப்ரவரி 9

பல மாதம் கழித்து இதைத் தொடர்கிறேன். ஜனவரி கடைசியில் ஜிலிப்சி 2.41 வந்திருக்கிறது. ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டுக்கான கணித ஃபங்ஷன்கள் பலவற்றை கோர்-மேத் திட்டத்திலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். கடைசி பிட் வரை சரியாக ரவுண்ட் ஆன விடையைத் தருவதற்காகவே எழுதப்பட்டவை அவை, எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. சரியாக ரவுண்ட் ஆன விடை ஒன்றே ஒன்றுதான், ஆகவே ஒரு ஃபங்ஷன் அந்த நிலைக்கு வந்துவிட்டால் பிறகு எந்தப் பதிப்பிலும் அது மாறக் காரணம் இல்லை.

ஆனால் அந்த ஒரு மாற்றம் வரும்போது ஃப்ளோட் பயன்படுத்துகிற நிரல்களில் சில மதிப்புகள் நகரும். டபுள் மட்டும் பயன்படுத்துகிறவர்களை இது தொடாது. சென்சார் அளவீடு, கிராஃபிக்ஸ், கற்றல் மாடல் என்று ஃப்ளோட்டில் வேலை செய்கிறவர்கள், உங்கள் டிஸ்ட்ரோ (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகை) 2.41-க்குப் போகும் முன் இப்போதே ஒரு ஓட்டம் ஓட்டி நடு மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் பதிப்பு, கொடிகள், சிபியு மாடல் மூன்றையும் அந்தக் கோப்பின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.